முப்பத்தேழு பேருக்குக் கொடுத்த வாக்கு

வெர்னா
மார்ச் 11

ஜானிஸ்,

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ராட்னி வுகெலிச்சை உன் துணை கவர்னர் வேட்பாளராக அறிவித்துவிட்டாய். கேட்காதது ஒரு தவறு. அவனைத் தேர்ந்தெடுத்தது அதைவிடப் பெரிய தவறு. இரண்டையும் தெரிந்தே செய்திருக்கிறாய். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் பதில் எழுதாதே.

எனக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நேற்றுக் காலை பேக்கரியில் கறி வைத்துச் சுட்ட பாஸ்டி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்புப் பக்கத்தில் இருந்த ரேடியோ உன் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்துச் சொன்னது. எனக்கு முன்னால் நின்றவன் ஜீன் சுபான்சிக். சுரங்கத்தில் என்னோடு இருபத்தொன்பது வருடம் கன்வேயர் பெல்ட் பழுதுபார்த்தவன். அவன் திரும்பி, "என்ன ரெய்னோ, கல்யாணம் முடிஞ்சிருச்சாம். உனக்குப் பத்திரிகை வரலையா?" என்றான். வரிசை முழுவதும் சிரித்தது. நான் பாஸ்டி வாங்காமல் வந்துவிட்டேன்.

ராட்னி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மறந்துவிட்டதுபோல நடந்துகொள்கிறாய். எட்டு வருடத்துக்கு முன் சட்டமன்றத்துக்கு நானும் அவனும் கட்சியின் ஒப்புதல் கேட்டு நின்றோம். நம் வழக்கப்படி இருவரும் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்து மேடையில் ஏறி, மாநாடு யாரைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டுப்படுவேன் என்று வாக்குக் கொடுத்தோம். மாநாடு என்னைத் தேர்ந்தெடுத்தது. பத்து நாள் கழித்து அவன் தன் பெயரைப் பதிவு செய்து, உட்கட்சித் தேர்தலில் என்னை எதிர்த்து நின்று, இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தான். ஆறு வருடம் சட்டமன்றத்தில் உட்கார்ந்தான். பிறகு வீட்டை விற்றுவிட்டு நகரத்துப் பக்கம் போய்விட்டான்.

அப்போது நீ எனக்கு எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. "மேடையில் சொன்ன சொல்லை வாசல்வரைகூடக் கொண்டுபோகத் தெரியாத ஆள்" என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்துதான்.

ஓட்டுச் சீட்டில் கவர்னர் பெயரும் துணை கவர்னர் பெயரும் ஒரே கட்டத்துக்குள் வரும். உனக்குப் போடுகிற ஓட்டு அவனுக்கும் போகும். அதை என்னால் செய்ய முடியாது. ஏப்ரல் நான்காம் தேதி எங்கள் மாவட்ட மாநாடு. அதற்குள் அவனை விலக்கு.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதன்பிறகு நான் சொல்ல வந்தது நிற்காது. காகிதத்தில் அது நடக்காது.

ரெய்னோ சால்மெலா

*

ஹால்ஸ்டன்
மார்ச் 15

அன்புள்ள ரெய்னோ,

தெரியாமல் செய்யவில்லை. அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

உங்களுக்குச் சொல்லாமல் விட்டது கோழைத்தனம். அறிவிப்புக்கு முந்தைய நாள் மதியம் போனை எடுத்தேன், உங்கள் எண்ணைப் போட்டேன், இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் மேடை ஏற எனக்குத் தைரியம் இல்லை. இதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ராட்னியைத் தேர்ந்தெடுத்ததற்காகக் கேட்கவில்லை.

என் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் முழுதாகத் தெரியாது. பிப்ரவரிக் கருத்துக்கணிப்பில், கவர்னர் பதவிக்கு நம் கட்சியில் என்னோடு போட்டியிடுகிற பவுலா கெல்லருக்கு நாற்பத்தாறு சதவீதம், எனக்குப் பதினெட்டு. என் பிரச்சாரத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் ஒன்பது பேர். இன்று நான்கு பேர். விவசாயப் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் நகரத்துப் பத்திரிகைகள் என்னை "உருளைக்கிழங்கு செனட்டர்" என்று எழுதுகின்றன. துணை கவர்னராக வரச் சொல்லி ஐந்து பேரைக் கேட்டேன். நான்கு பேர் நாசூக்காக மறுத்தார்கள். தோற்கப் போகிறவளோடு பெயரைச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. ஐந்தாவது ஆள் ராட்னி. நான் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள், "எப்ப வரணும்?" என்றார். நகரத்தைச் சுற்றியுள்ள இடங்களில் அவரைத் தெரிகிறது. அங்கே எனக்கு ஓட்டே இல்லை.

உங்கள் ஊர் மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மூடி மூன்று வருடம் ஆகிறது. போன ஜனவரியில் பனியில் காருக்குள் பிள்ளை பெற்ற பெண்ணை எனக்குக் காட்டியது நீங்கள். கெல்லர் நல்லவர். ஆனால் அவருடைய திட்டத்தில் வெர்னா என்கிற பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதற்காகத்தான் நான் நிற்கிறேன். வேறு எதற்காகவும் அறுபத்தொரு வயதில் இப்படி ஊர் ஊராகக் காரிலேயே சாப்பிட்டுக்கொண்டு அலைய மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படுங்கள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டை எட்டு வருடமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். அது கட்சிக்கு நேர்ந்த அவமானமா, ரெய்னோ சால்மெலாவுக்கு நேர்ந்ததா?

நான்காம் தேதி மாநாட்டுக் கூடத்தில் என் ஆதரவாளர்கள் நிற்கிற மூலையில் வந்து நில்லுங்கள். நீங்கள் நின்றால் பாதி ஊர் வந்து நிற்கும்.

ஜானிஸ் ஹோவ்லண்ட்

*

வெர்னா
மார்ச் 19

ஜானிஸ்,

உன் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும்தான். எனக்கு நேர்ந்ததால் கட்சிக்கு நேரவில்லை என்று ஆகிவிடாது.

நான் பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்புவரை. மீதியைச் சங்கக் கட்டடத்து அலமாரியில் இருந்த புத்தகங்களைப் படித்துக் கற்றுக்கொண்டேன். அவற்றில் பாதி சட்டப் புத்தகங்கள். சட்டத்தின்படி மேடையில் கொடுக்கிற வாக்குக்கு எந்த மதிப்பும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். மாநாட்டில் தோற்ற யாரும் அடுத்த நாள் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம், போலீஸ் வராது. அதனால்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறேன். போலீஸ் வருகிற விஷயமாக இருந்தால் நான் கவலைப்படத் தேவையில்லை.

போன நவம்பரில் அதே மேடையில் உன்னை நான்தான் அறிமுகம் செய்தேன். வெளியே பனிப்புயல். என்னையும் சேர்த்து முப்பத்தேழு பேர்தான் இருந்தோம். எல்லாரையும் கேட்கிற கேள்வியை உன்னையும் கேட்டேன்: மாநாடு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தால் என்ன செய்வாய்? "வீட்டுக்குப் போயி ஒரு நாள் அழுவேன். மறுநாள் அவங்களுக்காகக் கதவு தட்டக் கிளம்பிடுவேன்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். விவசாயப் பக்கத்துக்காரர்களை இங்கே யாரும் சுலபத்தில் நம்புவதில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன் எங்கள் வேலைநிறுத்தத்தின்போது நீ ஒரு லாரி உருளைக்கிழங்கை நீயே ஓட்டிக்கொண்டு வந்தாய், அதனால் நான் நம்பினேன். நான் நம்பியதால் அவர்கள் நம்பினார்கள்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நான்கு பேர் மறுத்ததால் ராட்னி என்று எழுதியிருக்கிறாய். நான்கு பேருக்குப் பிறகு ஐந்தாவதாக இவன் பெயர் எப்படி வந்தது? மாநாட்டில் தோற்ற பிறகும் நின்று ஜெயித்த ஆள் இந்த மாநிலத்தில் அதிகம் இல்லை. அந்த வழி தெரிந்தவன் அவன். நீ நகரத்து ஓட்டுக்காக அவனைக் கூப்பிட்டாயா, அந்த வழிக்காகக் கூப்பிட்டாயா?

நான்காம் தேதி நான் வருவேன். உன் மூலையில் நிற்க மாட்டேன், கெல்லர் மூலையிலும் நிற்க மாட்டேன். எனக்கென்று ஒரு மூலை இருக்கும். அட்டையில் "ஜானிஸ் மட்டும்" என்று எழுதப் போகிறேன்.

ரெய்னோ

*

ஹால்ஸ்டன்
மார்ச் 24

அன்புள்ள ரெய்னோ,

அதை மட்டும் செய்யாதீர்கள்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல, அந்தக் கூடத்தில் நாற்பது வருடம் எண்ணிக்கை பார்த்தவர் நீங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூலையில் நின்றால் மாநில மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதி. பத்து தேறாத மூலைக்கு ஒன்றுமில்லை, மிஞ்சுகிற இடம் பெரிய மூலைக்குப் போகும். விசில் அடித்த பிறகு இடம் மாற ஐந்து நிமிடம். அதற்குள் சின்ன மூலைகள் பெரிய மூலைகளோடு சேர்ந்துகொள்ளாவிட்டால் அந்த ஆட்கள் வராததற்குச் சமம். நீங்கள் என்னிடமிருந்து எடுக்கிற ஒவ்வொரு ஆளையும் கெல்லருக்குக் கொடுக்கிறீர்கள், வேறு பெயரில்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். மாநாட்டில் ஜெயிப்பதற்காகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறேன். ஜெயித்துவிட்டால் அந்தக் கேள்வியே இருக்காது.

ராட்னி நான்காம் தேதி வெர்னாவுக்கு வருகிறார். வர வேண்டாம் என்று நான் சொன்னேன். "அந்த ஊருக்குப் போகாம வேற எந்த ஊருக்குப் போயும் பிரயோஜனம் இல்ல" என்றார். அவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். மன்னிக்க வேண்டாம். பேசினால் போதும்.

ஜானிஸ்

*

வெர்னா
ஏப்ரல் 6

ஜானிஸ்,

நடந்ததை உன் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் உனக்குப் பிடித்த மாதிரி சொல்வார்கள். நான் நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் நூற்றிருபது பேர். கெல்லர் ஆட்கள் மேடைப் பக்கம். உன் ஆட்கள் கதவுப் பக்கம். நான் கிழக்குப் பக்கக் கூடைக்குக் கீழே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் மூன்று பேர், பிறகு ஆறு, பிறகு நான் உட்பட ஒன்பது. ஜீன் வந்து நின்றான், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "பஸ் ஸ்டாப் மாதிரி இருக்கு ரெய்னோ. பஸ் வருமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றான்.

லொரெய்ன் பெரலாவைக் கூப்பிட்டேன். நவம்பரில் நீ வாக்குக் கொடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், சங்கத்துக் கணக்கையெல்லாம் பார்த்தவள். அவள் வந்தால் பத்து. வந்தாள், என் அட்டையைப் படித்தாள். "உன் கோவத்துக்கு நான் ஆள் சேக்க வரல" என்று சொல்லிவிட்டு உன் மூலைக்குப் போனாள்.

விசில் அடித்தார்கள். ஐந்து நிமிடம் தொடங்கியது. அப்போது ராட்னி கூடத்தின் நடுவாக என்னிடம் நடந்து வந்தான். நூற்றிருபது பேரும் பார்த்தார்கள். முடி நரைத்துவிட்டது அவனுக்கு.

"ரெய்னோ, ஒரு நிமிஷம்" என்றான்.

"அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. அதுல ஒண்ண உனக்கு ஏன் தரணும்?"

"ரெண்டா எடுத்துக்கிட்டு என்னத் திட்டுங்க. மிச்சத்துல இவங்கள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. நான் வெளிய போயி கார்ல உக்காந்துக்கறேன். நான் இங்க நிக்கறதுதான உங்களுக்குக் கஷ்டம்?"

"நீ கார்ல உக்காந்தாலும் ஓட்டுச் சீட்டுல இருப்ப."

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். உண்மையாகவே காரில் போய் உட்கார்ந்தான். இஞ்சினைக்கூடப் போடவில்லை, கண்ணாடியில் பனி படிந்துகொண்டே இருந்தது. இரண்டாவது விசில் அடிக்கும்வரை அங்கேயே இருந்தான்.

என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ஜீன்கூடச் சிரிக்கவில்லை. "போலாமா?" என்றான். நான் நகரவில்லை. நான் நகராததால் அவர்களும் நகரவில்லை.

உன் மூலையில் முப்பத்திரண்டு பேர், மூன்று பிரதிநிதிகள். என் ஒன்பது பேரும் சேர்ந்திருந்தால் நான்கு. அந்த நான்காவது இடம் கெல்லருக்குப் போனது.

நான் செய்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னேன், எழுதிவிட்டேன்.

ரெய்னோ

*

ஹால்ஸ்டன்
ஏப்ரல் 22

ரெய்னோ,

உங்கள் அட்டை பத்திரிகையில் வந்தது பார்த்தீர்களா? கூடைக்குக் கீழே நீங்கள் நிற்கிற படம். "சொந்தக் கோட்டையிலேயே விரிசல்" என்று தலைப்பு. ஒரு பிரதிநிதி போனதைப் பற்றி நான் எழுதவில்லை. ஒரு பிரதிநிதியை எங்கேயாவது தேடிக்கொள்ளலாம். அடுத்த சனிக்கிழமை வேறு இரண்டு மாவட்டங்களில் அதே அட்டையோடு ஆட்கள் நின்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை நான்கு மாவட்டங்களில். உங்களைத் தெரியாதவர்கள், ராட்னியைப் பார்த்தே இராதவர்கள். ஒரு மூலை பத்தைத் தாண்டியது. மற்றவை தாண்டவில்லை. அந்த ஆட்கள் எல்லாரும் என்னை விரும்புகிறவர்கள், ரெய்னோ. என்னை விரும்புகிறவர்களே என்னைக் காலி செய்தார்கள்.

ராட்னி போன வாரம் விலகுகிறேன் என்றார். கடிதமே எழுதிக் கொண்டு வந்திருந்தார். நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் தோற்றுக்கொண்டிருந்தபோது வந்து நின்ற ஒரே ஆளைத் தோற்பது உறுதியான பிறகு அனுப்பிவிட்டால், அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

காருக்குள் உட்கார்ந்திருந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். "ரெய்னோ வெளிய வந்து கண்ணாடியத் தட்டுவார்னு நெனச்சேன். அவரு தட்டியிருந்தா என்ன சொல்றதுன்னு எட்டு வருஷமா தயார் பண்ணி வெச்சிருக்கேன்" என்றார்.

நான் இப்போது கோபமாக இருக்கிறேன். அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜானிஸ்

*

செயிண்ட் பால்
மே 18

அன்புள்ள ரெய்னோ,

சனிக்கிழமை மாநில மாநாட்டில் மூன்றாவது சுற்றில் கெல்லருக்கு வேண்டிய அறுபது சதவீதம் கிடைத்துவிட்டது. எனக்கு முப்பத்தொன்று. நீங்கள் ரேடியோவில் கேட்டிருப்பீர்கள்.

நான் மேடை ஏறி நன்றி சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். சொல்லாமல் விட்டது எது என்று உங்கள் காதுக்குத் தெரிந்திருக்கும். கீழே ஆயிரம் பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். கெல்லர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கையைக் குலுக்கினேன். கட்டுப்படுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் மாதம் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். இரண்டும்தான் என்று நீங்கள் எழுதினீர்களே, என் பதிலும் அதுதான். நகரத்து ஓட்டுக்காகவும் கூப்பிட்டேன். அந்த வழி தெரிந்தவர் என்பதற்காகவும் கூப்பிட்டேன். அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதிப் படித்தபோதுதான் தெரிந்தது. அதனால்தான் அன்று பதில் எழுதவில்லை.

பெயர் பதிவு ஜூன் இரண்டாம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. பதிவு செய்தால் ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தல். மாநாட்டுக்கு வருகிறவர்கள் வேறு, ஓட்டுப் போட வருகிறவர்கள் வேறு. நேற்று வந்த கணிப்பில் அவர்களிடம் எனக்கும் கெல்லருக்கும் ஏழு சதவீதம்தான் இடைவெளி. முடியும், ரெய்னோ. பிப்ரவரியிலிருந்து இப்போதுதான் முதல்முறையாக முடியும் என்று தோன்றுகிறது. இப்போது பார்த்துத்தானா தோன்ற வேண்டும்.

ராட்னி என்ன சொன்னார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நிற்காதீர்கள் என்றார். "ஜெயிச்சா சரியாயிடும்னு நெனச்சேன். ஆறு வருஷம் ஜெயிச்சவனாவே இருந்தேன். சொந்த ஊர்ல காபி குடிக்க ஒரு கடை கெடையாது எனக்கு. வீட்ட வித்துட்டுப் போனது அதுக்குத்தான்." அவர் இதுவரை என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான். அதைச் சொல்லிவிட்டு, நான் நிற்பதாக இருந்தால் கூட நிற்கிறேன் என்றும் சொன்னார்.

அந்தக் காரில் பிள்ளை பெற்ற பெண்ணை நினைக்கிறேன். நவம்பரில் கை தட்டிய முப்பத்தேழு பேரையும் நினைக்கிறேன். ஒரே இரவில் இரண்டு பேச்சு எழுதி வைத்தேன், ஒன்று நிற்கிறேன் என்று, ஒன்று நிற்கவில்லை என்று. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மேடையில் கேள்வி கேட்டது நீங்கள். உங்களுக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். அதை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் கொடுத்தால் நிற்பேன். கொடுக்காவிட்டால் கெல்லருக்குப் போன் செய்வேன்.

ஜானிஸ்

*

வெர்னா
மே 21

ஜானிஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்றே பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். அதில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அது என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும்.

கிழித்த காரணத்தைச் சொல்கிறேன். நீ கேட்ட இடம் தப்பு. கேள்வியைக் கேட்டவன் நான்தான், ஆனால் பதிலைக் கேட்டவர்கள் முப்பத்தேழு பேர். கை தட்டியது அவர்கள். நான் ஒருவன் தலையாட்டினால் நீ போகலாம், ஆட்டாவிட்டால் போகக்கூடாது என்றால், அந்தக் கூடத்தில் மற்ற முப்பத்தாறு பேரும் நாற்காலிகளா? ராட்னி எட்டு வருடத்துக்கு முன் வாக்கை மீறியபோது எனக்குச் செய்தான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மார்ச் மாதம் குத்திக் காட்டியது அதைத்தான். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

அவன் யாரிடமும் கேட்கவில்லை, அதுதான் அவன் செய்தது. நின்றது அதற்கப்புறம்தான். ஒரு வீட்டுக் கதவையாவது தட்டி, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தால், என் வீட்டுக் கதவையே தட்டியிருந்தால், நான் இல்லை என்று சொல்லியிருப்பேன். இருந்தாலும் இன்று பேக்கரியில் அவனுக்கு வணக்கம் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் நான்காம் தேதி அவன் வந்து கேட்டான். நான் கதவைத் திறக்கவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது. நான் நியாயம் என்று நினைத்துப் பிடித்த அட்டை மற்ற ஊர்களுக்குப் போனதும் என் கணக்கில் இருக்கிறது. இதற்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று கீழே எழுதியிருக்கிறேன். மன்னிப்பு என்கிற வார்த்தையை நான் எழுத மாட்டேன். எனக்கு அது சரியாக எழுத வராது.

நீ நிற்பது சரியா தவறா என்று என்னைக் கேட்காதே. என் மனதில் தவறு என்றுதான் இருக்கிறது. பிரசவ அறைக்காகத் தவறு செய்கிறேன் என்றால் அது பிரசவ அறைக்காகச் செய்த தவறு, அவ்வளவுதான். ஆனால் வாக்கை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தால் அது மீறுவது ஆகாது. சங்கத்துப் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். எதிலும் இல்லை. இருந்தாலும் இது சரி.

இனி செய்ய வேண்டியது.

திங்கள்கிழமை போரில் இறந்தவர்களின் நினைவு நாள். எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் இருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் எதையும் கேட்கக்கூடாது. அன்று வராதே. செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பி வா. முப்பத்தேழு பெயர்களும் விலாசங்களும் இதனுடன் இருக்கிற தாளில் இருக்கின்றன. அதில் ஒருவர் ஏப்ரலில் இறந்துவிட்டார். அவர் மனைவியைக் கேள். அன்று அவளும் வருவதாக இருந்தது, பனியால்தான் வரவில்லை.

கார் ஓட்ட வேண்டியது ராட்னி. அவன் காரில் உட்கார்ந்திருக்கக்கூடாது. ஒவ்வொரு வாசலிலும் உன்னோடு வந்து நிற்க வேண்டும். முதலில் பேச வேண்டியதும் அவன்தான். எட்டு வருடத்துக்கு முன் செய்ததைச் சொல்ல வேண்டும், காரணம் சொல்லக்கூடாது. பிறகுதான் நீ.

நீ ஒரே ஒரு வாக்கியத்தில் கேட்க வேண்டும். நவம்பரில் சொன்னதைத் திருப்பித் தருவீர்களா என்று. பிரசவ அறையைப் பற்றிப் பேசாதே. அதைச் சொன்ன பிறகு யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல முடியாதவரிடம் கேட்பது கேட்பதே இல்லை. உன் நான்கு ஆட்களில் ஒருவரும் வரக்கூடாது. படம் எடுக்கக்கூடாது.

ஜீன் வீட்டில் அவன் முதல் பத்து நிமிடம் கிண்டல் செய்வான். அவன் செய்து முடிக்கும்வரை நீங்கள் இருவரும் பொறுத்திருக்க வேண்டும். அவன் பதில் கடைசியில்தான் வரும். லொரெய்ன் வீட்டுக்குக் காலையில் போகாதே, அவள் கணவருக்கு ஊசி போடுகிற நேரம். நான்கு பேர் ஏரிக்கரை வீடுகளுக்குப் போய்விட்டார்கள், வால்ட்டர் நியெமி உட்பட. அங்கேயும் போக வேண்டும். மீன் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் கரைக்கு வரும்வரை காத்திரு, கரையிலிருந்து கத்தாதே. போனில் யாரையும் கேட்கக்கூடாது.

எண்ண வேண்டியது நீ இல்லை. நானும் இல்லை, என் எண்ணிக்கை எப்படிப்பட்டது என்று ஏப்ரலில் பார்த்தாய். லொரெய்ன் எண்ணுவாள். எல்லாரும் தங்கள் பதிலை அவளுக்கும் சொல்ல வேண்டும். அவளிடம் பேசிவிட்டேன். ஒப்புக்கொள்வதற்கு முன் என்னை நன்றாகத் திட்டினாள்.

பத்தொன்பது பேர் தருகிறேன் என்றால், ஜூன் இரண்டாம் தேதி ஐந்து மணிக்குள் நீ போய்ப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வெர்னாவில் ஒருவரும் உன்னை வாக்கு மீறியவள் என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. பதினெட்டு என்றால் ராட்னி உன்னை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். நீ கெல்லருக்குப் போன் செய்து, இந்த ஊருக்கு ஒரு முறை வந்து அந்த மூடிய அறையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு சுற்ற வேண்டியது நான்.

சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து, நான்காவது பிரதிநிதி போனது என்னால்தான் என்று சொல்ல வேண்டியதும் நான். என் மூலையில் நின்ற எட்டுப் பேருக்கும் அதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அட்டையைப் பார்த்து நின்ற மாவட்டங்களின் தலைவர்களுக்கு எழுத வேண்டும். மூன்று கடிதங்கள் எழுதி முடித்துவிட்டேன்.

என் வீட்டுக்குக் கடைசியாக வா. என் பதிலை முன்னால் கேட்டுவிட்டால் மற்ற வாசல்களில் நிற்க உனக்குக் கால் வராது. எனக்கு முன்னால் பத்தொன்பது தேறிவிட்டாலும் வா, தேறாவிட்டாலும் வா. நீ கேட்க வேண்டும். நான் தரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். காபி போட வேண்டியதும் நான்தான். ராட்னி உள்ளே வந்து உட்கார்ந்து அதைக் குடிக்க வேண்டும்.

ரெய்னோ